கணவாய் கடந்த கால்கள்

பழந்தமிழகத்தின் எல்லைகளைக் கூற வந்த தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. மேற்கே வானளாவி நிற்கும் மலைத்தொடரை அது எல்லையாகக் கூறவில்லை. காரணம் தெளிவு. அம்மலைக்குக் கிழக்கே பாண்டியரும் சோழரும் ஆண்டனர். மேற்கே சேரர் ஆண்டனர். இருபுறமும் வழங்கிய மொழி ஒன்றே. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குத் தபதி ஆற்றங்கரையிலிருந்து குமரிமுனையின் அருகு வரை நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, நம் முன்னோர்க்கு ஒரே வீட்டின் நடுச்சுவர் போல இருந்தது. அச்சுவரில் கதவுகளும் இருந்தன. அக்கதவுகளையே கணவாய் என்கிறோம்.

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை அக்கதவுகளின் வழியே இங்கு வந்து சேர்ந்தவை. ஆயினும், "உன் பாட்டனார் எந்த வழியாக மலை தாண்டினார்?" என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விடை கிடைப்பதில்லை. மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கும் அவ்விடை நெடுநாள் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மிதிவண்டி ஓட்டும் பழக்கம் ஏற்பட்ட பின்னரே அதைத் தேடத் தொடங்கினேன். மலைவழிகளின் வரலாற்றை அரசர்களின் படையெடுப்பாகவும் பொறியாளர்களின் சாதனையாகவும் நூல்கள் எழுதி வைத்துள்ளன. அவ்வழிகளைத் தம் கால்களால் அளந்த எளிய மக்களின் வரலாறு ஒன்றும் உண்டு. மேட்டின் கனத்தைத் தன் தொடையில் உணரும் மிதிவண்டிக்காரனுக்கு அது சற்று விரைவில் விளங்கும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லில் வாழும் வழிகள்

கணவாய், ஆரல்வாய்மொழி ஆகிய பெயர்களில் உள்ள 'வாய்' நுழையும் இடத்தைக் குறிக்கும் சொல். மலையாள மொழியில் மலைக்கணவாயைச் 'சுரம்' என்பர். நம் சங்கப் பாடல்களில் பொருள் தேடிப் பிரிந்த தலைவன் கடந்து செல்லும் அரிய வழிக்கும் அதுவே பெயர். நாம் ஏட்டில் மட்டும் படிக்கும் சொல்லை அண்டை வீட்டார் அன்றாடப் பேச்சில் காத்து வைத்திருக்கின்றனர். 'ஆறு' என்னும் சொல்லுக்கும் வழி என்ற பொருள் உண்டு. வழிகாட்டி அனுப்பும் பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர் வந்தது அதனாலேயே.

பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை 583 அடிகளைக் கொண்டது. நன்னன் என்னும் தலைவனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பைப் புலவர் அதில் விளக்குகிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்க வேண்டும், பாசி படர்ந்து வழுக்கும் பாறையில் எதனைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். நடந்து பார்த்தவர்தாம் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல இயலும். இன்று மிதிவண்டிச் சங்கத்தார் தம் தோழர்களுக்கு எழுதி அனுப்பும் வழிக்குறிப்புகளும் ஏறக்குறைய இவ்வகையினவே. எந்த வளைவில் மணல் சேர்ந்திருக்கும், எந்த இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் குடிநீர் கிடைக்கும் என்பவையே அவற்றின் பொருள். ஆற்றுப்படை இலக்கியம் முற்றும் மறைந்துவிடவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

பொதிகையின் இரு வாயில்கள்

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே தெரியும் மலைக்கூட்டத்தின் உச்சி அகத்தியர்கூடம். அதன் உயரம் 1,868 மீட்டர். தமிழ்முனி அகத்தியர் உறையும் பொதிகை என்று நாம் போற்றுவது இம்மலையையே. ஆய் அண்டிரன் என்னும் வள்ளல் இப்பொதிய மலையைச் சூழ்ந்த நாட்டை ஆண்டதைப் புறநானூறு கூறுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர் தாலமி இம்மலையைப் 'பெட்டிகோ' என்று குறித்துள்ளார் என்பது ஆய்வாளர் கருத்து. கிழக்கே தாமிரவருணியும் மேற்கே கரமனையாறும் நெய்யாறும் இம்மலைத்தொகுதியில்தான் தோன்றுகின்றன.

இம்மலைத்தொகுதிக்குத் தெற்கே ஒரு வாயில், வடக்கே ஒரு வாயில். தெற்கே இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய். நாஞ்சில் நாட்டையும் நெல்லைச் சீமையையும் இணைக்கும் இவ்வழியில் படைகள் பலமுறை வந்தும் போயும் இருந்தன. திருவிதாங்கூர் அரசு இங்கே காவற்கோட்டை எழுப்பியிருந்தது. 1809 சனவரியில் குண்டறையில் அறிக்கை விடுத்து ஆங்கிலேயரை எதிர்த்த வேலுத்தம்பித் தளவாய்க்கு இக்கோட்டையே பெரிய நம்பிக்கை. அவ்வாண்டு பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லீகர் தலைமையில் வந்த படை இதனைக் கைப்பற்றியது. கதவு திறந்ததும் திருவிதாங்கூரின் எதிர்ப்பு ஒடுங்கியது.

வடக்கே இருப்பது செங்கோட்டைக் கணவாய் எனப்படும் ஆரியங்காவு வழி. இங்கே போரினும் வணிகமே முதன்மை பெற்றது. கிழக்கேயிருந்து அரிசியும் துணியும் வற்றலும் சென்றன. மேற்கேயிருந்து மிளகும் பாக்கும் தேங்காயும் வந்தன. ஆரியங்காவுச் சாஸ்தா கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் திருக்கல்யாணத்தில் மதுரைச் சௌராட்டிர மக்கள் பெண்வீட்டாராக நின்று சீர் செய்கின்றனர். வணிகத்துக்காக இவ்வழியே சென்ற மதுரையார் ஒருவரின் மகளைச் சாஸ்தா மணந்தார் என்பது தலவரலாறு. மலை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவைத் தெய்வத்தின் மேலும் ஏற்றிப் பார்த்தனர் நம் மக்கள்.

1904-ஆம் ஆண்டு செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மீட்டர்பாதை இரயில் ஓடத் தொடங்கியது. பதிமூன்று கண் பாலமும் குகைகளும் உடைய அப்பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2018-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. தெற்கு வாயிலிலோ இரயில் வந்தது 1981-இல்தான். நாகர்கோயிலும் திருநெல்வேலியும் இணைந்தது அப்போதே. இடையில் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளும் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. கோடுகள் மாறின, கணவாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

என் பாட்டனாரின் தந்தை பொதிமாடுகளோடு ஆரியங்காவு வழியே புனலூர்ச் சந்தைக்கு வற்றலும் வெங்காயமும் கொண்டு சென்றவர் என்பதை, முதுமையுற்ற அத்தை ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். அதன்பின் அந்த வழியை மிதிவண்டியில் காண வேண்டும் என்னும் ஆசை என்னை விடவில்லை.

மலையை வலம் வருதல்

திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டு, நாகர்கோயில், ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று சுற்றி மீண்டும் திருவனந்தபுரம் வந்தால் பொதிகை மலையை முழுவதும் வலம் வந்தவர் ஆவோம். வழி 300 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அலுவலக நண்பர் இருவரோடு மூன்று நாளில் இதனை முடித்தேன். தெற்கு வாயிலில் ஏற்றம் குறைவு, காற்று மிகுதி. தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் நெருக்குண்டு வேகம் பெறுவதால்தான் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கிழக்கு நோக்கிச் செல்பவனை அக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். செங்கோட்டையிலிருந்து மேற்கே திரும்பும்போது அதே காற்று சாரலோடு எதிரே வந்து மார்பில் கைவைக்கும். பொதிமாட்டுக்காரர்கள் எந்தப் பருவத்தில் எந்தத் திசையில் புறப்பட்டிருப்பார்கள் என்பதை அன்று என் உடம்பு கணித்துச் சொல்லியது.

மலைச்சாலையின் கணக்கு எளியது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் 100 மீட்டர் உயர்ந்தால் ஏற்றம் நூற்றுக்குப் பத்து. அதே உயரத்தை இரண்டு கிலோமீட்டராக வளைத்து நீட்டினால் நூற்றுக்கு ஐந்து. கொண்டை ஊசி வளைவுகளின் இரகசியம் இதுவே. கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு 22 வளைவுகள், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வண்டிமாடு மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதற்காகவே சாலை போட்டவர்கள் மலையை இப்படிச் சுற்றினர். மாட்டுக்கு ஏற்ற சரிவு மனிதன் மிதிக்கும் வண்டிக்கும் ஏற்றதாக அமைந்தது.

உலகின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமான டூர் டி பிரான்சு 1903-இல் தொடங்கியது. 1910-இல்தான் அது பிரனீசு மலையின் உயர்ந்த கணவாய்களுக்குள் நுழைந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் வீரர்கள் வண்டியை விட்டிறங்கித் தள்ளிச் செல்ல நேர்ந்தது. அவ்வாண்டு வெற்றி பெற்ற ஒக்தாவ் லாபீசு, இவ்வழியைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசினார் என்பது அப்பந்தய வரலாற்றில் நிலைபெற்றுவிட்ட செய்தி. ஏற்றத்துக்கேற்பச் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவிக்கு அப்பந்தயத்தில் இசைவு கிடைத்தது 1937-இல்தான். நம் நாட்டில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களின் கறுப்பு வண்டிகளுக்கும் நெடுங்காலம் கியர் இல்லை. நம் தந்தையர் மேடு வந்தால் இறங்கித் தள்ளினர். அதனை இழுக்காகக் கருதவில்லை.

இன்று நிலைமை வேறு. 2008 முதல் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் நெடும்பயணத்தில் மிதிவண்டிக்காரர் நீலமலைச் சாலைகளில் ஏறி வருகின்றனர். 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை நம் பொன்முடியிலேயே ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. அது சாலையை விட்டு விலகிய காட்டுத்தடத்தில் நிகழ்ந்த போட்டி. எனினும் பல நாட்டு இளைஞர் அம்மலைச்சரிவுகளில் ஏறியிறங்கியதைச் செய்தித்தாளில் கண்டபோது, அதே சரிவுகளில் கூடை சுமந்து ஏறியவர்களை யார் எண்ணிப் பார்ப்பார் என்ற வினா என் மனத்தில் எழுந்தது. அவ்வினாவே என்னைப் போனக்காட்டுக்கு அழைத்துச் சென்றது.

வாயில் இல்லாத பள்ளத்தாக்கு

நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், நெடுமங்காடு, விதுரை கடந்து, பொன்முடிச் சாலையை விட்டுப் பிரியும் வழியில் உள்ளது போனக்காடு. வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்றே மேலே செல்ல இயலும். அகத்தியர்கூடம் செல்வோர் நடைபயணத்தைத் தொடங்கும் இடமும் இதுவே. சாலை இங்கே முடிந்துவிடுகிறது. கிழக்கே மலைச்சுவர், அதற்கப்பால் பாபநாசம். மேலேயுள்ள புல்வெளிக்குப் பாண்டிப்பத்து என்று பெயர். அப்பெயரே பாண்டிநாட்டின் அண்மையை நினைவூட்டுகிறது. ஆனால் சக்கரம் செல்ல வழியில்லை. ஆரல்வாய்மொழியிலும் ஆரியங்காவிலும் திறந்திருக்கும் கதவு இங்கே சாத்தியிருக்கிறது.

இக்காட்டில் முதலில் தடம் பதித்தவர்கள் காணிக்காரப் பழங்குடியினர். 1987-இல் பாலோட்டுத் தாவரவியல் ஆய்வாளர்கள் இம்மலைக்காட்டில் நடந்து தளர்ந்தபோது, வழிகாட்டிய காணி மக்கள் ஒரு செடியின் காயை மென்றபடி களைப்பின்றி நடந்ததைக் கண்டு வியந்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்தே பின்னர் 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வகத் தலைவர் ஜான் ஆலன் பிரௌன் அகத்தியமலை உச்சியருகே காந்தவியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார். அவர் பெயர் நூலில் நிற்கிறது. அதற்குரிய பொருள்களைத் தலையிலும் தோளிலும் சுமந்து ஏறியவர்களின் பெயர்களை நாம் அறியோம். வயநாட்டுத் தாமரச்சேரிச் சுரத்திலும் இதே கதைதான். ஆங்கிலேயனுக்கு வழிகாட்டிய கரிந்தண்டன் என்னும் பழங்குடி இளைஞன் அவன் கையாலேயே கொல்லப்பட்டான் என்றும், அவன் ஆவியைச் சங்கிலியால் கட்டிய மரம் இலக்கிடியில் நிற்கிறது என்றும் மக்கள் கூறுவர். வழி காட்டியவனுக்கு வரலாறு இடம் தராதபோது, மக்கள் கதையில் இடம் தந்திருக்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைகளில் வெள்ளையர் தோட்டங்கள் எழுந்தன. மெர்ச்சிஸ்டன், பிரேமோர் முதலிய பெயர்கள் ஸ்காட்லாந்தை நினைவூட்டுவன. போனக்காடு என்பதும் அபர்தீன் நகர முத்திரையிலுள்ள 'பான் அக்கார்டு' என்னும் தொடரின் திரிபு என்று சொல்வாருண்டு. இலங்கையில் 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் பற்றி அழித்தது. காப்பி போன இடங்களில் தேயிலை வந்தது. 1876 முதல் 1878 வரை தமிழகத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களை மலைமேல் தள்ளியது. கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகத் திரட்டினர். அவர்கள் வந்த வழிகள் நாம் மேலே கண்ட கணவாய்களே.

நான் சென்ற ஞாயிறன்று மழை விட்டிருந்தது. இறுதி ஏற்றங்களில் என் இருபத்தொரு கியரும் பயன்படாமல் இறங்கித் தள்ளினேன். பாழடைந்த லயத்தின் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை நோக்கிச் சிரித்தார்.

"இம்புட்டுக் காசு போட்டு வாங்கின வண்டிய மேட்டுல தள்ளிக்கிட்டா வாரிய, தம்பி?"

நெல்லைத் தமிழ் காதில் விழுந்ததும் களைப்பு நீங்கிற்று. "தென்காசிப் பக்கம் ஆச்சி, எங்க பூர்வீகம்" என்றேன். தம் முன்னோரும் அப்பக்கமே என்றார். "நீங்கள் நடந்தா வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நாங்க எங்க நடந்தோம்? எங்கய்யாவப் பெத்த தாத்தா நடந்து வந்தவுக. நாங்க இங்கேயே பொறந்து, இங்கேயே கொழுந்து கிள்ளி, இங்கேயே ஒக்காந்துட்டோம்."

அவர் கைகாட்டிய திசையில் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் நின்றது. அது ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. தேயிலைச் செடிகள் கவாத்து இன்றி மரங்களாக ஓங்கிவிட்டன. தொழிலாளர்க்குச் சேரவேண்டிய ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்ற துயரம் செய்தித்தாள்களில் பலமுறை வந்துள்ளது. பலர் மலையிறங்கிவிட்டனர். எஞ்சிய குடும்பங்கள் ஒழுகும் லயங்களில் வாழ்கின்றன.

வெளியூரார்க்குப் போனக்காடு என்றவுடன் நினைவுக்கு வருவது மேட்டிலுள்ள பழைய துரை பங்களாவும் அதைச் சுற்றிய பேய்க்கதையுமே. அதைக் காணவே இளைஞர் பலர் வண்டியேறி வருகின்றனர். இல்லாத பேயைத் தேடி வருபவர், இருக்கும் மனிதரின் திண்ணையைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நின்று ஒரு சொல் பேசுவோர் சிலரே. "படம் புடிக்க வாராக, போயிருதாக" என்றார் ஆச்சி, வருத்தமின்றி.

நாம் செய்யத்தக்கது

நம் குடும்பங்களும் அவர் குடும்பமும் ஒரே கதவின் வழியே வந்தவை. கடையிலும் அலுவலகத்திலும் இடம்பெற்றவர்கள் நகரில் தங்கினோம், சங்கம் அமைத்தோம், மலர் வெளியிடுகிறோம். கொழுந்து கிள்ளப் போனவர்கள் சாலை முடியும் இடத்தில் நின்றுவிட்டனர். இந்த வேற்றுமைக்குத் திறமை காரணமன்று. கணவாயைத் தாண்டிய பின் எந்தக் கிளைவழியில் திரும்பினோம் என்பதே காரணம்.

ஆகவே அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் எந்தக் கணவாய் வழியே, எந்தக் காலத்தில், எதற்காக வந்தனர் என்பதை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு ஒரு பக்கமேனும் எழுதி வைக்க வேண்டும். என் அத்தை மறைந்து ஈராண்டாகிறது. அவரிடம் கேட்க மறந்தவை இன்னும் பல. இரண்டாவது, போனக்காட்டு முதியோரின் நினைவுகளை நம் சங்கத்தார் சென்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நிலுவைத் தொகையை வாங்கித் தரும் ஆற்றல் எழுத்தனாகிய எனக்கு இல்லை. ஆயினும் அவர்கள் யார், எவ்வழி வந்தனர், எத்தனை தலைமுறை உழைத்தனர் என்பது எழுத்தில் இருந்தால், அவர்களுக்காகப் பேச வருவோர்க்கு அது சான்றாக உதவும். கோப்பில் இல்லாத மனிதருக்கு அலுவலகத்தில் குரல் இல்லை என்பதை என் பணி எனக்கு நாள்தோறும் கற்பித்து வருகிறது.

விடைபெற்று எழுந்தபோது, "எறக்கத்துல பாத்துப் போ தம்பி, ரெண்டு வளைவு தாண்டி பாசி இருக்கு, வழுக்கும்" என்றார் ஆச்சி. அவர் சொன்ன இடத்தில் பாசி இருந்தது. வண்டியை விட்டு இறங்கி, நடந்தே கடந்தேன்.